முதிய டிராக்டரின் நீரியல் தூக்கியில் எண்ணெய்க் கசிவு: வகை, காரணம், நீக்கம்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பழைய டிராக்டர் நிற்கும் கொட்டகையின் தரையில் கறுத்த வட்டம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்தவர் 'ஆயில் லீக்' என்பார். உடனே சீல் வாங்கக் கிளம்புவார். இக்கட்டுரை அவரைச் சற்று நிறுத்திவைக்கிறது. எண்ணெய் தென்படும் இடமும் எண்ணெய் தப்பும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது நாம் நிறுவ விழையும் முதற்கருத்து. ஒரு துளிகூடத் தரையில் விழாத கசிவே தூக்கியைப் பெரிதும் முடக்குகிறது என்பது இரண்டாவது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இயந்திரங்கள் இரண்டு. ஒன்று, 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவான ஃபெர்குசன் டி.இ.20, சாம்பல் நிறத்தால் இங்கிலாந்து முழுதும் செல்லப்பெயர் பெற்ற வண்டி. மற்றொன்று, 1950களின் இறுதியில் லண்டனின் கிழக்கு ஓரத்தில் டாகன்ஹாம் ஆலையிலிருந்து வெளிவந்த ஃபோர்ட்சன் டெக்ஸ்டா. முன்னதில் பம்ப், வண்டியின் வயிற்றுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. பின்னதில் அது எஞ்சினின் விலாவில் தொங்குகிறது. கசிவின் இலக்கணம் இந்த இட வேறுபாட்டாலேயே மாறுவதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது தேவையாயிற்று.

தமிழ் வாசகருக்கு இவை அயல் வண்டிகள் அல்ல. டி.இ.20இன் வழிவந்த மெசி ஃபெர்குசன் 35, சென்னையின் டாஃபே நிறுவனம் வழியாகத் தமிழகத்து வயல்களுக்கு வந்தது. அதே வண்டியும் அதன் தம்பியான 135உம் இலங்கையின் வன்னியில் உழவு இயந்திரம் என்ற சொல்லுக்கே பொருளாக நின்றன. டெக்ஸ்டாவின் மூன்று சிலிண்டர் எஞ்சினும் பெர்கின்ஸ் குடும்பத்தது. அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளையைத்தான் சென்னை சிம்சன் ஆலை வார்த்தது. ஆகவே கீழே சொல்லப்படுவது, இடம் லண்டனானாலும், சிலருக்குச் சொந்த வீட்டுச் செய்தியாகவே இருக்கும்.

2. சொல்வரையறை

'நீரியல்' என்பது பள்ளிப் பாடநூல் தந்த சொல். திரவத்தின் அழுத்தத்தால் விசையைக் கடத்தும் முறை என்பது இங்கே அதன் பொருள். பெயரில் நீர் இருக்கிறது. ஆனால் டிராக்டரின் எண்ணெயில் நீர் புகுந்தால் கேடு. தொடக்கத்தில் இம்முறை உண்மையாகவே நீரால் இயங்கியது என்பதன் எச்சம் அந்தப் பெயர்.

'அடைப்பான்' என்பது, இரு பரப்புகளுக்கு இடையே திரவம் செல்லாதபடி இடைநிற்கும் மென்மையான பொருள். பட்டறைப் பேச்சில் இதற்குப் பல பெயர்: சுழலும் தண்டைச் சூழ்ந்தால் சீல், இரு தட்டைகளுக்கு நடுவே படுத்தால் கேஸ்கெட், பள்ளத்தில் அமர்ந்த ரப்பர் வளையமானால் ஓரிங்.

'இழைவிடை' என்று நாம் குறிப்பது, ஒன்றுக்குள் ஒன்று அசையும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே வேண்டுமென்றே விடப்பட்ட, மயிரிழையினும் மெல்லிய இடைவெளி. இங்கே அடைப்பான் கிடையாது. இடைவெளியின் சிறுமையே அடைப்பு.

இனிக் 'கசிவு'. எண்ணெய் வெளியேறுதல் என்று வரையறுத்தால் வரையறை இரு பக்கமும் வழுவுகிறது. வெளியேறாமலே கசியும் எண்ணெய் உண்டு. மறுபுறம், பிஸ்டனைச் சுற்றிச் சிறிது எண்ணெய் நழுவுவதை அமைப்பாளரே விரும்பியிருக்கிறார்; அந்த நழுவலே பிஸ்டனுக்கு மசகு. எனவே நாம் இவ்வாறு கொள்கிறோம்: அமைப்பு அனுமதித்த அளவுக்கு மேல், திரவமோ காற்றோ ஓர் எல்லையைக் கடத்தலே கசிவு. இவ்வரையறையில் 'காற்று' என்ற சொல் ஏன் இடம்பெற்றது என்பது 5ஆம் பிரிவிலும், 'அளவு' என்ற சொல் ஏன் இடம்பெற்றது என்பது இறுதிப் பிரிவிலும் விளங்கும்.

3. லண்டனும் அடைப்பானும்

கசிவு என்ற சிக்கல் நீரியல் இயந்திரத்தோடு உடன்பிறந்தது. இரண்டும் லண்டனில் பிறந்தன. ஜோசஃப் பிரமா 1795இல் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். கோட்பாடு பாஸ்கல் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். நடைமுறையில் அழுத்தம் ஏற ஏறப் பெரிய பிஸ்டனைச் சுற்றி நீர் பீறிட்டது. திணிப்பை இறுக்கினால் பிஸ்டன் நகர மறுத்தது. தளர்த்தினால் நீர் ஒழுகியது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரமாவின் பட்டறையில் அப்போது பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லி என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அவர் அமைத்தது தோலால் ஆன, உட்குழிந்த ஒரு கழுத்துப்பட்டை. குழிவு அழுத்தத்தை நோக்கியிருக்கும். நீர் குழிவுக்குள் நுழைந்து தோலின் உதட்டைப் பிஸ்டன்மேல் அமுக்கும். அழுத்தம் கூடினால் பிடியும் கூடும். அழுத்தம் தணிந்தால் தோல் தானே தளர்ந்து பிஸ்டனை விடும்.

இதைப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டின் நுனியில் கிண்ணம்போல் ஒரு தோல் வாஷர் இருக்கும்; காய்ந்துவிட்டால் காற்று ஏறாது; இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு விரலால் விளிம்பை விரித்துவிட்டால் மறுபடி பிடிக்கும். நாம் சிறுவயதில் திண்ணையில் செய்தது மாட்ஸ்லியின் அடைப்பானுக்குரிய பராமரிப்பையே. கமலை இறைத்த நாளில் சாலின் தோல்வாலைக் காயவிடாமல் பார்த்துக்கொண்ட பாட்டன்மாரும் அதே பொருளின் குணத்தை அறிந்தவர்களே.

அடைப்பான் நம்பத்தக்கதாக ஆனபின் லண்டன் அதைத் தெருத் தெருவாகப் புதைத்தது. லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி, சதுர அங்குலத்துக்கு 700 முதல் 800 பவுண்டு அழுத்தத்தில் தேம்ஸ் நதிநீரை வார்ப்பிரும்புக் குழாய்களில் செலுத்தி, லிஃப்டுகளுக்கும் துறைமுகப் பளுதூக்கிகளுக்கும் விசை விற்றது. உச்சத்தில் குழாய்களின் நீளம் சுமார் 180 மைல். வாப்பிங் நிலையம் 1977இல் மூடப்பட்டதோடு அந்த அமைப்பு நின்றது. ஒரு நகரமே பகிர்ந்துகொண்ட அழுத்தத்தைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாத அழுத்தம், நாம் பேசும் டிராக்டர்களில் ஒரு பால்குடம் அளவுள்ள பம்ப்புக்குள் எழுகிறது: மாடலுக்கு மாடல் 2,000 முதல் 3,000 பவுண்டு வரை.

டாகன்ஹாமைப் பற்றி ஒரு கிளைக்குறிப்பு. கார்க் நகரிலிருந்து 1933இல் இங்கு வந்த ஃபோர்ட்சன் தயாரிப்பு 1964இல் பேசில்டனுக்குப் போயிற்று. டாகன்ஹாம் நிர்வாக முறைப்படி பெருநகர லண்டனோடு சேர்ந்ததோ 1965இல். ஆகவே 'லண்டனில் செய்த டிராக்டர்' என்று கறாராகச் சொல்லத்தக்க ஃபோர்ட்சன் ஒன்றுமில்லை. ஆனால் கிழக்கு லண்டன் தமிழர்கள் பலருக்கு டாகன்ஹாம் பக்கத்து ஊர். எனவே இந்தச் சட்டநுணுக்கத்தை நாம் வற்புறுத்தவில்லை.

4. பம்ப்பின் அமைப்பு

டி.இ.20இன் பம்ப் கியர்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் நடுவே உள்ள அறையின் அடியில் இருக்கிறது. எஞ்சினின் விசையைப் பின்னால் பூட்டும் கருவிக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. தண்டு அதன் நடுவே ஊடுருவுகிறது. தண்டின்மேல் மையம் விலகிய இரு உருளைகள். அவற்றைச் சூழ்ந்த வெண்கலக் கட்டைகள். கட்டைகள் தள்ளும் நான்கு பிஸ்டன்கள். இருபுறமும் ஒவ்வோர் ஓதமியறை. அவற்றுள் உள்வாங்கும் ஓதமிகளும் வெளியேற்றும் ஓதமிகளும். 'ஓதமி' என்று நாம் வால்வைச் சொல்கிறோம். ஒரு திசையில் விடுத்து மறுதிசையில் தடுப்பது என்பது பொருள்.

பம்ப்பிலிருந்து ஒரு செங்குத்துக் குழாய் மேலேறி மேல்மூடியைச் சேர்கிறது. மேல்மூடியின் அடிப்புறத்தில் தூக்குசிலிண்டர் முடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் அதன் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஒரு கோலைத் தள்ள, கோல் குறுக்குத்தண்டைத் திருப்ப, தண்டின் இரு முனைகளில் உள்ள கைகள் கலப்பையைத் தூக்குகின்றன. கியருக்கும் தூக்கிக்கும் எண்ணெய் ஒன்றே. இவ்வொருமை செலவைக் குறைத்தது; கியர்ப்பல் தேய்ந்து உதிர்க்கும் இரும்புத்தூளைப் பம்ப்புக்கு ஊட்டவும் செய்தது.

இவ்வமைப்பின் உயிர்நிலை கட்டுப்பாட்டு ஓதமி இருக்கும் இடம். மற்ற பம்ப்புகளில் அது வெளியேற்றும் பக்கத்தில் நிற்கும். ஹாரி ஃபெர்குசன் அதை உறிஞ்சுபுறத்தில் வைத்தார். ஓதமி மூடியிருக்கும்போது பம்ப் சுழன்றாலும் உள்வாங்க எண்ணெய் இல்லை, வெறுமனே சுழலும், எண்ணெய் வீணாகச் சூடேறாது. சிறிது திறந்தால் வேண்டிய அளவே உறிஞ்சும். இந்தச் சிறு இடமாற்றத்தின் மதிப்பு நீதிமன்றத்தில் தெரிந்தது. ஃபோர்டுக்கு எதிராக அமெரிக்காவில் ஃபெர்குசன் தொடுத்த வழக்கு 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. உறிஞ்சுபுறக் கட்டுப்பாட்டை விட்டுவிடுவதாகவும் ஃபோர்டு ஒப்புக்கொண்டது. அதன் பிறகு ஃபோர்டு வண்டிகளில் பம்ப் எஞ்சின் பக்கம் நகர்ந்தது தற்செயல் அல்ல.

ஃபோர்டின் வண்டியான டெக்ஸ்டாவின் பம்ப் பல்சக்கர வகை. இரு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழன்று, பற்களுக்கும் உறைக்கும் இடையே எண்ணெயைச் சுமந்து செல்லும். எஞ்சின் ஓடும்வரை அது ஓடும். பின்புறத் தொட்டியிலிருந்து எண்ணெயை ஒரு குழாய் கொண்டுவருகிறது. இன்னொன்று அழுத்தத்தோடு திருப்பிக் கொண்டுசெல்கிறது. வெளியில் ஓடும் இவ்விரு குழாய்களால் கசிவுக்குப் புதிய வாசல்கள் திறந்தன.

5. கசிவின் வகைகள்

கடக்கப்படும் எல்லையைக் கொண்டு கசிவை நான்காகப் பகுக்கலாம்: வெளிக்கசிவு, உட்கசிவு, மாறுகசிவு, காற்றுக்கசிவு.

வெளிக்கசிவு கண்ணுக்குத் தெரிவது. தமிழில் இதன் படிநிலைகளுக்கு ஆயத்தமாகவே சொற்கள் உண்டு. துடைத்த இடம் மறுநாள் ஈரமாவது ஊறல். தனித்தனியே விழுவது சொட்டு. கோடாக இறங்குவது ஒழுக்கு. அழுத்தத்தோடு பாய்வது பீறல். முதல் மூன்றும் அழுத்தமற்ற எண்ணெயால் நேர்பவை: பக்கவாட்டு மூடிகளின் கேஸ்கெட், பி.டி.ஓ. தண்டின் பின்முனைச் சீல், குறுக்குத்தண்டின் இரு முனைகள், டி.இ.20இல் பம்ப்பை இருமருங்கும் தாங்கும் ஊசிகளின் அடிவட்டங்கள். பீறல் ஒன்றே அழுத்தக் குழாயின் சொத்து. அதன் துளை ஊசிமுனை அளவானாலும், பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. பீறலைத் தேடக் கையை நீட்டக்கூடாது. நீளமான அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

உட்கசிவில் எண்ணெய் அழுத்த அறையிலிருந்து தப்பி, அதே வண்டியின் தொட்டிக்கே திரும்புகிறது. அளவுகோலில் எண்ணெய் குறையாது. தரை சுத்தமாக இருக்கும். தூக்கிய கலப்பை மட்டும் கீழே வந்துகொண்டிருக்கும். டி.இ.20இல் இதற்கு ஐந்து வாயில்கள்: தூக்குபிஸ்டனின் வளையங்கள், சிலிண்டருக்கும் மேல்மூடிக்கும் இடையுள்ள கேஸ்கெட், செங்குத்துக் குழாயின் அடைப்பான்கள், பம்ப்பின் வெளியேற்று ஓதமிகளும் அழுத்தம் மிகுந்தால் திறக்கும் காப்பு ஓதமியும், இறுதியாகக் கட்டுப்பாட்டு ஓதமியும் அதன் உறையும். உட்கசிவின் அடையாளம் எஞ்சின் ஓடும்போது ஒன்று, நின்றபின் ஒன்று. நின்றபின் கைகள் சீராக இறங்கும். ஓடும்போது சிறிது இறங்கும்; உடனே கட்டுப்பாடு அதை உணர்ந்து பம்ப்பைத் திறக்கும்; கைகள் துள்ளி எழும்; மீண்டும் இறங்கும். இந்தத் தலையாட்டலைக் கண்டு பம்ப் சரியில்லை என்பார்கள். பம்ப் தன் கடமையைச் செய்வதால்தான் கை ஆடுகிறது.

மாறுகசிவு, ஓர் எண்ணெய் வீட்டிலிருந்து இன்னோர் எண்ணெய் வீட்டுக்கு நேர்வது. எஞ்சினோடு பொருத்திய பம்ப்பில் தண்டின் சீல் தேய்ந்தால் பின்புற எண்ணெய் எஞ்சினின் அடிச்சட்டிக்குள் போகும். உரிமையாளர் பின்னால் ஊற்றிக்கொண்டே இருப்பார். முன்னால் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். எஞ்சினின் மட்டம் ஏறுவதை நல்ல செய்தி என்று எண்ணுவாரும் உளர். மட்டம் குறைவதைக் கண்டு அஞ்சும் நாம், மட்டம் கூடுவதைக் கண்டால் இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டும். டி.இ.20இலும் இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. தூக்கி சோர்கிறது என்று பின்னறையில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் அது அச்சுக்குழல் வழியே ஊர்ந்து, சக்கரச் சீல் தளர்ந்திருந்தால் பிரேக் உருளைக்குள் இறங்கும். தூக்கியின் நோய்க்குக் கொடுத்த மருந்து பிரேக்கைக் கெடுக்கும்.

காற்றுக்கசிவில் திசை தலைகீழ். உறிஞ்சுகுழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் தளர்ந்த மூட்டு எண்ணெயை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கிறது. எண்ணெய் நுரைக்கும், பம்ப் முனகும், தூக்கல் நடுங்கும். மூட்டைச் சுற்றி உலர்ந்தே இருக்கும். பம்ப் மூழ்கியிருக்கும் டி.இ.20இல் எண்ணெய் மட்டம் தாழ்ந்தாலன்றி இது நேராது; டெக்ஸ்டாவில் நேரும். சந்தேகப்பட்ட மூட்டின்மேல் கனமான எண்ணெயைத் தடவிப் பார்ப்பது பழைய பட்டறை உத்தி. முனகல் அடங்கினால் மூட்டு அகப்பட்டது.

6. காரணங்கள்

முதற்காரணம் தேய்வு. இதில் ஒரு கணக்கு உண்டு; அதை விளங்கிக்கொள்ளாமல் பழுது பார்ப்பவர் ஏமாறுவார். இழைவிடையின் வழியே நழுவும் எண்ணெயின் அளவு, அழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும், பாகுநிலைக்கும் பாதையின் நீளத்துக்கும் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். இடைவெளிக்கோ அதன் மும்மடியில் இருக்கும். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நூற்றில் இரண்டானால் கசிவு எட்டு மடங்கு. மூன்றானால் இருபத்தேழு மடங்கு. மேலும், பிஸ்டன் நடுவே நில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அதே சராசரி இடைவெளியில் இரண்டரை மடங்கு வரை கூடும். நேற்றுவரை சுமந்தது, இன்று எப்படி இவ்வளவு சோர்ந்தது என்ற கேள்விக்கு விடை இந்த மும்மடியில் இருக்கிறது. தேய்வு மெல்லத்தான் வந்தது. கசிவு பாய்ந்து வந்தது.

இரண்டாவது வெப்பம். 68 தரத்து நீரியல் எண்ணெயின் பாகுநிலை 40 பாகையில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிறது. காலைக் குளிரில் பளிச்சென்று தூக்கும் வண்டி நண்பகலில் தூங்குவது இதனால். லண்டன் பனிக்காலத்தில் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று சான்று தருவது எளிது. அதே வண்டி வெயிலில் வேலை செய்தால் சான்று பொய்க்கும். சோதனை சூடேறிய எண்ணெயில் நடக்க வேண்டும் என்பதை விதியாகவே கொள்ளலாம்.

மூன்றாவது அடைப்பானின் முதுமை. தோலும் தக்கையும் ஆண்ட இடத்துக்கு ரப்பர் வளையம் வந்தது. டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் அமெரிக்காவில் அதற்கு 1939இல் காப்புரிமை பெற்றார். ஓரிங் வேலை செய்யும் விதம் மாட்ஸ்லியின் தோலினுடையதே: பள்ளத்தில் இலேசாக நசுக்கப்பட்டு அமர்ந்திருக்கும், அழுத்தம் வந்ததும் பள்ளத்தின் மறுசுவரில் சாய்ந்து இன்னும் இறுகும். ஆண்டுகள் செல்ல அது மீளும் குணத்தை இழக்கிறது. கழற்றிப் பார்த்தால் குறுக்குவெட்டு வட்டமாக இராது. சப்பையாக, பள்ளத்தின் வடிவமே உடம்பில் பதிந்திருக்கும். இதை 'அமுக்கத் தழும்பு' என்கிறோம். தழும்பு விழுந்த வளையம் முழுதாகவே இருக்கும். கிழிசல் தேடுபவர் கண்ணுக்கு நல்ல வளையமாகவே படும்.

இரசாயன ஒவ்வாமையும் இதில் அடங்கும். கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் பொருந்தும். தண்ணீர்க் குழாய்களுக்கு உகந்த இ.பி.டி.எம். ரப்பர் அதே எண்ணெயில் ஊறி உப்பிவிடும். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், கடைப்பெட்டியில் ஒன்றாய்க் கிடந்தால் கையால் வேறுபாடு தெரியாது.

நான்காவது நீர். எண்ணெய் பால்நிறமானால் நீர் கலந்தது என்று பொருள். கியர்க்கோலின் கிழிந்த உறை வழியே மழையும், குளிரும் சூடும் மாறிமாறி வருவதால் உட்சுவரில் படியும் பனிநீரும் அதைக் கொண்டுவருகின்றன. நீர் மசகைக் கெடுத்து, ஓதமியின் இருக்கையில் துருப்புள்ளி வைக்கிறது. குண்டூசித் தலையளவுத் துருப்புள்ளி போதும், ஓதமி மூடியும் மூடாமல் நிற்க.

ஐந்தாவது மனிதக் கை. இதற்குச் சான்றாக நம் தவற்றையே வைக்கிறோம். பக்கவாட்டு மூடியின் ஊறலை நிறுத்த, காகிதக் கேஸ்கெட்டின் இருபுறமும் சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூசினோம். ஊறல் நின்றது. வெளியே பிதுங்கியதைத் துடைத்தோம்; உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று எண்ணவில்லை. சில வாரங்களில் அது சேமியா இழைபோல் உரிந்து எண்ணெயில் மிதந்து உறிஞ்சுவாய்க்குப் போயிற்று. தூக்கி பாதி உயரத்தில் நின்றது. வெளிக்கசிவைத் தீர்த்த கை பம்ப்பின் தொண்டையை அடைத்தது.

7. கண்டறிதல்

வரிசை இதுவே: கேட்டல், பார்த்தல், ஒதுக்கல், பின்பே கழற்றல். முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். ஐம்பதாண்டு அழுக்கில் எண்ணெய் எங்கிருந்தும் எங்கும் பரவும். கழுவித் துடைத்து, முகப்பவுடரோ சுண்ணாம்புத்தூளோ தூவி ஒரு மணிநேரம் ஓட்டினால் புதிய ஈரம் தன் பிறப்பிடத்தைக் காட்டும். மிக உயரத்தில் ஈரமான இடமே ஐயத்துக்குரியது. அதன் கீழ் உள்ளவை அதன் வழித்தடம்.

அடுத்து எண்ணெயை வாசித்தல். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சிறிது வடித்துக் காந்தத்தை ஓட்டினால் சாம்பல் பிசிறு ஒட்டும். அது கியரின் இரும்பு. காந்தத்துக்கு மசியாமல் வெயிலில் பொன்போல் மினுங்குவது வெண்கலம். அது பம்ப்புக் கட்டைகளின் தேய்வு.

உட்கசிவின் வாயிலைக் கண்டுபிடிக்க டி.இ.20 ஓர் அரிய வசதி தருகிறது. நடு அறையின் பக்கவாட்டில் மூடிகள் உள்ளன. எண்ணெய் மட்டத்தைக் குறைத்து மூடியைத் திறந்தால் செங்குத்துக் குழாயும் சிலிண்டரின் அடியும் பம்ப்பின் பின்புறமும் விளக்கொளியில் தெரியும். பளுவைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் எங்கிருந்து வடிகிறதோ அதுவே வாயில்.

நாம் அவ்வாறு பார்த்த மாலையில் கிளிநொச்சியில் பல போகம் மெசி ஓட்டிய அண்ணை ஒருவர் உடனிருந்தார். அதற்கு முன் ஒரு வாரமாக நாம் வெளிச்சீல்களையே மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் தூக்கிய கைகளைச் சற்றுநேரம் பார்த்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். காதைப் பின்னறையின் உலோகத்தில் வைத்தார். "தம்பி, இது வெளியாலை அழேல்லை, உள்ளுக்கை அழுது" என்றார். மூடியைத் திறந்தபோது செங்குத்துக் குழாயின் மேல்முனையிலிருந்து பென்சில் தடிப்பில் எண்ணெய் ஓசையின்றி வழிந்துகொண்டிருந்தது. பம்ப்பின்மேல் ஒரு குறையும் இல்லை.

பார்வைக்கு எட்டாத வாயில்களை அழுத்தமானி காட்டும். வெளிக்குழாய்த் துளையில் மானியைப் பொருத்தித் தூக்கியை எல்லைவரை செலுத்தினால், அழுத்தம் காப்பு ஓதமியின் அளவை எட்டுகிறதா என்பது பம்ப்பின் நலத்தையும், நிறுத்தியபின் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது தாங்கும் உறுப்புகளின் நலத்தையும் சொல்லும். தூக்கல் விட்டுவிட்டு வந்தால் நான்கு பிஸ்டன்களில் ஒன்றின் ஓதமி பிடிக்கவில்லை. வேகம் சீராக, ஆனால் மந்தமாக இருந்தால் தேய்வு எங்கும் பரவியிருக்கிறது.

8. நீக்கம்

கழற்றுமுன் தூக்கியைத் தாழ்த்தி, இணைத்த கருவியை நிலத்தில் இருத்த வேண்டும். நீரியலால் மட்டும் நிற்கும் பளுவின் கீழ் கை, கால், தலை எதுவும் போகக்கூடாது. கசியும் தூக்கியைப் பழுது பார்ப்பவருக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மேல்மூடி இருவர் தூக்கத் துணியாத எடை, செயின்பிளாக் வேண்டும். அதைத் தூக்குமுன் கட்டுப்பாட்டு நெம்புகோல்கள் ஓதமியின் கவையிலிருந்து விடுபட்டனவா என்று பார்ப்பது கட்டாயம். பாராமல் இழுத்தால் கவை வளையும். பம்ப்பை எடுக்க வேண்டுமானால் பி.டி.ஓ. தண்டைப் பின்னால் உருவி, இருபுறத் தாங்கூசிகளைக் கழற்றி, பிறகு மேலே தூக்கலாம். குழாய் அடைப்பான் மட்டுமே குற்றவாளியானால் பம்ப் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நலமாக உள்ளதைத் திறந்து பார்க்கும் ஆசை பட்டறைகளின் பழைய நோய்.

ஓதமிகளின் இருக்கையில் புள்ளி இருந்தால் மெல்லிய அரைப்புப் பசையால் தேய்த்து, நீலச்சாயம் தடவி, வட்டம் அறுபடாமல் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு ஓதமிக்கு இந்தச் சலுகை இல்லை. அதுவும் அதன் உறையும் ஒன்றுக்கொன்று இழைத்த இணை. பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டால் இழைவிடை கூடும். மும்மடிக் கணக்கு பழிவாங்கும். தேய்ந்தால் இணையோடு மாற்ற வேண்டும். தூக்குசிலிண்டரில் நகம் இடறும் கீறல் இருந்தால் புது வளையம் பயன்தராது. முதலில் சுவர், பிறகு வளையம்.

ஓரிங் வாங்கும்போது அளவு அங்குலத்தில் இருக்க வேண்டும். மெட்ரிக் வளையங்களில் ஏறத்தாழப் பொருந்துவன கிடைக்கும். 'ஏறத்தாழ' என்பது தட்டையான மூடிக்குப் போதும், அழுத்தக் குழாய்க்குப் போதாது. பள்ளத்தைத் துடைத்து, அதே எண்ணெயைத் தடவி, கூரிய விளிம்புகளைக் கடக்கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, முறுக்காமல் இருத்த வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பசை வேண்டுமானால் நகத்தால் வழித்தெடுத்த அளவு போதும். நம் சேமியாக் கதையை நினைவில் கொள்க.

கழிவெண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து நகராட்சி மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைக்கலாம். தரையில் சிந்தியதை உறிஞ்ச, பூனை வளர்ப்போர் கழிவுத்தட்டுக்கென வாங்கும் மண்ணைத் தூவுவது இங்குள்ள வழக்கம். மலிவு, நன்றாகவும் உறிஞ்சும்.

புது எண்ணெய் ஊற்றி, பளுவின்றிப் பலமுறை தூக்கித் தாழ்த்திச் சிக்கிய காற்றை வெளியேற்றியபின், அரைமணி ஓட்டி எண்ணெயைச் சூடாக்கினோம். கான்கிரீட் கட்டையைக் கைகளில் ஏற்றி, விழுந்தாலும் யாருக்கும் கேடில்லாத உயரத்துக்குத் தூக்கி, கம்பத்தில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டு, எஞ்சினை நிறுத்திச் சுற்றிக் கயிறு கட்டினோம். பழுது நீக்குமுன் ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் ஒரு சாண் இறங்கிய கட்டை அது. மறுநாள் காலை கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. அண்ணை குனிந்து பார்த்து, "உது பரவாயில்லை" என்றார். 2ஆம் பிரிவின் வரையறைப்படி நாமும் அதைக் கசிவு என்று குறித்துக்கொள்ளவில்லை.